கேட்கும் செவிகள்: கெடாத் தோட்டங்களில் மன ஆறுதலின் வரலாறு

உடலுக்கு நோய் கண்டால் ஊரறியச் சொல்கிறோம். உள்ளத்துக்கு நோய் கண்டால் உற்றாரிடமும் மறைக்கிறோம். காய்ச்சல் கண்டவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க அண்டை வீட்டார் ஓடி வருவர். கவலை கண்டவனைக் கண்டால் அவரே வாசற்கதவைச் சாத்திக்கொள்வர். இவ்வழக்கம் உலகெங்கும் உண்டெனினும், கடாரம் என்று முன்னோர் அழைத்த கெடா மாநிலத்தில் பால்மரக் காட்டை நம்பி வாழ்ந்த நம் மக்களிடையே இதற்குத் தனியானதொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு இதுகாறும் முறையாக எழுதப்பெறவில்லை. கூலி உயர்வுப் போராட்டம் எழுதப்பட்டது. கோயில்களின் வரலாறு எழுதப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளின் வரலாறும் ஓரளவு எழுதப்பட்டது. துன்புற்றவன் தன் துன்பத்தை எவரிடம் சொன்னான், சொன்னதனால் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் எவரும் கேட்டாரில்லை.

இவ்வினாவை இன்று எழுப்ப வேண்டிய தேவை ஒன்று ஏற்பட்டிருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் மனநல ஆலோசனை கிடைக்கும் என்கிறார்கள். திரையில் தோன்றும் மருத்துவரோடு பேசலாம். மருத்துவரே இல்லாமல், சாட்பாட் எனப்படும் உரையாடற்பொறியோடும் நள்ளிரவில் பேசலாம். சுங்கைப் பட்டாணியில் அடுக்குமாடி வீட்டில் வாழும் இளைஞன் ஒருவன், தன் பாட்டன் எவரிடமும் சொல்லாத துயரத்தை ஒரு பொறியிடம் தமிழில் எழுதுகிறான். பொறியும் தமிழில் விடை தருகிறது. இது பயன் தருமா, தராதா என்பதே வினா. விடை காண்பதற்கு ஆய்வுக்கூடத்துப் புள்ளிகள் மட்டும் போதா. நம்மவர் கண்ட பழைய செவிகள் யாவை, அவை எங்கே உதவின, எங்கே கைவிட்டன என்பதையும் அறிதல் வேண்டும்.

மருத்துவத்தை வள்ளுவர் நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன் என்பன அவை. நான்காவது கூறை அவர் மறவாமற் சேர்த்தமை எண்ணத்தக்கது. அந்நான்காம் கூறே இக்கட்டுரையின் உரைகல்லாகும்.

லயத்து வீடுகளில் இருந்த செவிகள்

1909ஆம் ஆண்டில் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறிற்று. அதன்பின் தென்கெடாவில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங் ஆகிய வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் கைவிடப்பட்டபின், கங்காணிமார் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களினின்றும் குடும்பங்கள் வந்திறங்கின. இந்திய அரசு 1938இல் கூலிகளின் வெளியேற்றத்தைத் தடை செய்யும்வரை இவ்வரவு ஏறியும் இறங்கியும் நடந்தது.

வந்தவர்கள் விட்டுவந்தது ஊரை மட்டுமன்று. துயரத்தைக் கேட்கும் செவிகளையும் விட்டுவந்தார்கள். தாய்வீடு கடலுக்கப்பால் இருந்தது. கணவனிடம் அடிபட்ட பெண் கோபித்துக்கொண்டு போவதற்கு இடம் இல்லை. தாய்மாமன் வந்து கேட்பான் என்ற அச்சமும் கணவனுக்கு இல்லை. அக்குறையைத் தோட்டம் தனக்கே உரிய முறையில் நிரப்பிற்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் கூடும்போதும், குழாயடியிலும், ஆயாக்கொட்டகை வாசலிலும் பெண்கள் தங்கள் குறைகளைப் பகிர்ந்துகொண்டனர். மாரியம்மன் கோயிலில் ஆண்டுக்கொருமுறை அருள் வந்து ஆடியவர், ஆண்டு முழுவதும் சொல்ல முடியாதிருந்ததை அம்மன் பெயரால் சொல்லி அழுதனர். கோடாங்கி உடுக்கடித்துக் காற்றுக் கறுப்பை விரட்டினார். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் வேறு வாய்ப்பற்ற மக்களுக்கு அவையே ஆறுதலாக நின்றன என்பதை வரலாற்றறிஞன் மறுத்தல் இயலாது.

இவ்வாறு செவிகள் இருந்தன, மறைகாப்பு இல்லை. லயத்து வீடுகளின் தடுப்புச்சுவர் கூரை வரை எட்டாதிருந்த இடங்களில், ஒரு வீட்டின் விம்மல் அடுத்த வீட்டின் செய்தியாயிற்று. தோட்ட மருத்துவமனையில் இருந்த டிரெஸ்ஸர் காயத்துக்கு மருந்திட்டார். காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தார். அவரோ துரையின் கீழ்ச் சம்பளம் பெற்றவர். ‘இவன் வேலைக்குத் தகுதியா, இல்லையா’ என்று சொல்வதே அவரது பொறுப்பு. உறக்கம் வரவில்லை, வாழ்க்கை வெறுத்துவிட்டது என்று அவரிடம் சொன்னால் அது கிராணியின் காதுக்குப் போகும். கிராணி வழியே துரைக்கும் போகும். துரைக்குப் போனபின் வீடும் வேலையும் நிலைக்குமா என்பது ஐயமே. வீடும் வேலையும் ஒரே முதலாளியின் கையில் இருந்த இடத்தில், மனத்தைத் திறப்பது வாழ்வையே பணயம் வைப்பதாயிற்று. ஆகவே தொழிலாளி வாயை மூடிக்கொண்டான். மாலையில் கள்ளுக்கடைக்குப் போனான்.

கள்ளும் தொண்டர் படையும்

கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. காலனிய அரசு அதற்கு உரிமம் தந்தது. நிருவாகம் அதனை நடத்த இடமளித்தது. உழைப்பின் அயர்ச்சியையும் ஊரை இழந்த ஏக்கத்தையும் ஒருசேர மறக்கச் செய்யும் மருந்தாக அது விற்கப்பட்டது. மருந்தின் விலையைக் கொடுத்தவர்கள் மனைவிமாரும் மக்களுமே.

இரண்டாம் உலகப்போர் இத்துயரத்தை இரட்டிப்பாக்கிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாம்-பர்மா இரயில்பாதை அமைக்க மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழரைத் திரட்டிக் கொண்டு சென்றனர். பல்லாயிரவர் அக்காடுகளில் மாண்டனர். மீண்டு வந்தவர்கள் எலும்பும் தோலுமாய் வந்தார்கள். கண்டதை வெளியே சொல்லாமல் வந்தார்கள். கணவன் இறந்தானா, இருக்கிறானா என்று அறியாமல் காத்திருந்த பெண்களுக்கு ஆறுதல் கூற அரசிடமும் ஆளில்லை, நிருவாகத்திடமும் ஆளில்லை. இன்று பேரிடர் நிகழ்ந்தவுடன் மனநல ஆலோசகர்களை அனுப்புகிறோம். அன்று அச்சொல்லே நம் வழக்கில் இல்லை.

இச்சூழலில்தான் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தை நடுவாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் இளைஞர்கள் அணி வகுத்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடும்பச் சச்சரவுகளைத் தாமே தீர்த்து வைத்தனர். சீர்திருத்தமும் தன்மானமும் பேசினர். இவ்வியக்கத்தைத் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு பகுதியாகவே அறிஞர்கள் எழுதியுள்ளனர். அது சரியே. எனினும் வேறொரு கோணத்திலும் இதனை நோக்கலாம். துயரத்தில் மூழ்கும் மனிதனைத் தனியே விடாமல், அவன் வீட்டுவாசலுக்கே சென்று, அவன் மொழியிலேயே பேசி, அவனைக் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்ட முதல் அமைப்பும் அதுவே எனக் கருத இடமுண்டு. காவல்துறையின் கடும் நடவடிக்கையால் அவ்வியக்கம் 1947இல் நசுக்கப்பட்டது. 1948 சூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் இத்தகைய அமைப்புகளுக்கு இடமே இல்லாமற் போயிற்று. கள்ளுக்கடைகளோ தொடர்ந்து நடந்தன.

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சொல்

மனநோய் முற்றியவர்களுக்கு அரசு செய்த ஏற்பாடு யாது? பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டில் மனநோயாளர் காப்பகம் திறக்கப்பட்டது. பின்னாளில் அது பெரிய மருத்துவமனையாக வளர்ந்து, இன்று ‘பகாகியா’, அதாவது மகிழ்ச்சி, என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. தெற்கே சொகூர் மாநிலத்துத் தம்போயில் 1937இல் மற்றொன்று எழுந்தது. வடபுலத்து மக்களுக்கு நெடுங்காலம் தஞ்சோங் ரம்புத்தானே புகலிடம்.

அம்மருத்துவமனை ஆயிரமாயிரம் பேரைக் காத்தது என்பது உண்மை. ஆனால் அதன் பெயர் நம்மிடையே என்னவாயிற்று? ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்பது வசைமொழியாயிற்று. ஓர் ஊரின் பெயரே இழிசொல்லாக மாறியபின், அங்கே சென்று மீண்டவனுக்குப் பெண் கொடுப்பார் யார்? அவன் தங்கையைக் கட்டுவார் யார்? நோயைவிடப் பெயருக்கு அஞ்சி, வீட்டின் பின்னறையில் நோயாளியை அடைத்து வைத்த குடும்பங்கள் பல.

இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு வைத்தல் வேண்டும் என்ற கருத்து நம் நாட்டில் முதன்முதல் செயலுக்கு வந்தது 1958இல், பினாங்கில். கெடா மக்களுக்கு அது அண்டைநிலம். நாளடைவில் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவம் கிடைக்கலாயிற்று. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்து, சமூக மனநல மையங்களுக்கு வழி வகுத்தது.

ஆயினும் சட்டத்தின் வேறொரு பக்கம் நெடுங்காலம் இருண்டே கிடந்தது. தற்கொலைக்கு முயன்றவரை ஓராண்டு வரை சிறையிலிட இடந்தந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2023ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. ‘சாக நினைத்தேன்’ என்று சொல்வதே குற்ற ஒப்புதல் போலாகிவிடுமோ என்று மக்கள் அஞ்சிய நாட்டில், சொல்லாதே என்று சட்டமே வாயைப் பொத்தியது எனலாம்.

தோட்டம் போயிற்று, துணையும் போயிற்று

1950களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. வெள்ளையர் விற்ற தோட்டங்கள் கூறுபோடப்பட்டுக் கைமாறின. இதனைத் தடுக்க வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம் என்பது இம்மாநிலத்துக்குப் பெருமை. ஆயினும் பெருவெள்ளத்தை ஓர் அணையால் தடுக்க இயலுமா? 1969ஆம் ஆண்டுக்குப்பின் குடியுரிமையற்றோருக்கு வேலை உரிமம் வேண்டுமென்றாயிற்று. குடும்பங்கள் பிரிந்து பல்லாயிரவர் கப்பலேறினர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேலைக்கு ஆள் குறைந்தது. தோட்டங்கள் தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. பால்வெட்டியவர்களின் பிள்ளைகள் சுங்கைப் பட்டாணி, கூலிம் நகரங்களின் ஆலைகளில் சுழல்முறை வேலைக்குச் சென்றனர்.

லயத்து வீட்டைவிட அடுக்குமாடி வீடு வசதியானது, அதில் ஐயமில்லை. ஆனால் பெரட்டுக் களம் இல்லை, குழாயடி இல்லை, ஆயாக்கொட்டகை இல்லை. முன்பு மறைகாப்பு இல்லாமல் செவிகள் இருந்தன; இப்போது மறைகாப்பு உண்டு, செவிகள் இல்லை. இரவு வேலை முடித்துக் காலையில் உறங்குபவனும் பகல் வேலைக்குப் புறப்படுபவனும் ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் காண்பதரிது. சுகாதார அமைச்சு 2007 முதல் சில ஆண்டுகள் நடத்திய தேசியத் தற்கொலைப் பதிவேட்டில், மக்கள்தொகை விகிதப்படி இந்தியரின் பங்கே மிகுந்திருந்தது. நெஞ்சு பதைக்கும் செய்தி இது. நாட்டு மக்கள் அனைவரையும் நோக்கினும் நிலைமை கவலைக்குரியதே. பெரியவர்களிடையே மனச்சோர்வு நோய் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்து, 2023இல் 4.6 விழுக்காடாக உயர்ந்ததென்று தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டின.

சொல்லால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். தோட்டங்களில் களைக்கொல்லியாகப் பயன்பட்ட பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சு 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020 சனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டது. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டபோது, தற்கொலைகள் பெருமளவு குறைந்தமையை ஆய்வாளர்கள் கண்டனர். மனம் கலங்கிய நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால், அந்நேரம் கடந்து போகும். பேச ஒருவர் கிடைப்பார். ஆகவே எந்த ஆலோசனை முறையையும் தனியாக அளத்தல் தவறு.

தொலைவிலிருந்து வந்த செவிகள்

முகமறியாதவரிடம் மனத்தைத் திறக்கும் வழக்கம் இணையத்தால் வந்ததென்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற நாளேடுகளின் காலத்திலேயே, நேரில் சொல்லக் கூசியதை எழுத்தில் சொல்லும் வழி நம்மவர்க்குத் திறந்துவிட்டது. எழுத்தறியாதவர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர்.

இலண்டனில் 1953ஆம் ஆண்டில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். மருத்துவர் அல்லாத எளிய தொண்டர்கள், அறிவுரை கூறாமல், குற்றம் சாட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பேருதவியாகும் என்பதை அவ்வியக்கம் உலகுக்குக் காட்டியது. அதே வழியில் கோலாலம்பூரில் 1970இல் பிஃபிரண்டர்ஸ் அமைப்பு தொடங்கிற்று. இலங்கையில் 1974இல் சுமித்ரயோ அமைப்பும், சென்னையில் 1986இல் டாக்டர் இலட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்பும் தோன்றின. மறைகாப்பும் மனிதச் செவியும் ஒருங்கே கிடைத்த முதல் ஏற்பாடு இத்தொலைபேசித் தொண்டே. எனினும் 1970களில் தோட்டத் தொழிலாளியின் வீட்டில் தொலைபேசி ஏது? அலுவலகத்தில் இருந்த தொலைபேசி துரையின் மேசைமீதன்றோ இருந்தது!

மருத்துவரையே தொலைவிலிருந்து கொணரும் முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் நெபுராசுக்கா மாநிலத்தில் 1950களின் இறுதியில், இருவழித் தொலைக்காட்சி வாயிலாக மனநல மருத்துவம் செய்து பார்த்தனர். தமிழர்க்குத் தமிழிலேயே இதனைச் செய்து காட்டியது சென்னையின் ஸ்கார்ப் நிறுவனம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தோற்றுவித்த அந்நிறுவனம், 2010ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களுக்குப் பேருந்தொன்றை அனுப்பியது. பேருந்துக்குள் திரை இருந்தது. திரையில் சென்னை மருத்துவர் தோன்றினார். மருந்தும் பேருந்திலேயே வழங்கப்பட்டது. இம்முயற்சியின் உயிர்நாடி திரையன்று. அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த களப்பணியாளர்களே. நோயாளியின் வீடு தேடிச் சென்றவர், குடும்பத்தாரைத் தேற்றியவர், மருந்தை நிறுத்தியவரை மீண்டும் அழைத்து வந்தவர் எல்லாம் அவர்களே. வள்ளுவர் கூறிய நான்காம் கூறு அங்கே மறக்கப்படவில்லை.

நம் நாட்டில் 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தொலைவழி ஆலோசனையின் தேவை ஒரே நாளில் விளங்கிற்று. சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியாவும் இணைந்து அம்மாதமே தொலைபேசி உதவியைத் தொடங்கின. 2021 சூலையில் உணவின்றித் தவித்த குடும்பங்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டின; துன்பத்தை வெட்கமின்றி வெளியிடலாம் என்று நாடு கற்றுக்கொண்ட காலம் அது. 2022 அக்டோபரில் 15555 என்ற எண்ணில் ஹீல் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவையை அமைச்சு தொடங்கிற்று. அதே மாதத்தில் இந்தியாவில் டெலி மானஸ் தொடங்கப்பெற்றது.

பொறி பேசத் தொடங்கிய கதை

இனிப் பொறியின் வரலாற்றைக் காண்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் பேராசிரியர் 1966இல் எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர்போல் அது நடித்தது. ‘எனக்கு வருத்தமாயிருக்கிறது’ என்றால் ‘ஏன் வருத்தமாயிருக்கிறது?’ என்று திருப்பிக் கேட்கும், அவ்வளவே. அதற்கு எதுவும் புரியாது. அப்படியிருந்தும், அவருடைய செயலாளரே அதனோடு பேசத் தொடங்கியதும், சற்று வெளியே செல்லுமாறு பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாராம். இதைக் கண்டு வைசன்பாம் மகிழவில்லை, அஞ்சினார். மனிதர் மனிதருக்குச் செய்ய வேண்டியதைப் பொறியிடம் ஒப்படைத்தல் ஆகாது என்று 1976இல் நூலே எழுதினார். புரியாத பொறியிடமும் மனிதன் மனத்தைத் திறக்கிறான் என்றால், அது பொறியின் பெருமையைக் காட்டவில்லை. மனிதனின் தாகத்தையே காட்டுகிறது.

அதன்பின் வந்தது இணையவழிப் பாடமுறை. ஆஸ்திரேலியாவில் உருவான மூட்ஜிம் என்னும் இணையப் பாடத்தை 525 பேரிடம் சோதித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. மனச்சோர்வு குறைந்தமை மெய்யே. ஆயின் அவ்வாய்வில் பங்குகொண்டோரை வாரந்தோறும் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எம்மட்டில் இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அழைப்பாரின்றிப் பொதுமக்கள் தாமே அப்பாடத்தைப் பயன்படுத்தியபோது, பெரும்பாலோர் முதற்பகுதிகளிலேயே விட்டுவிட்டனர். பின்வந்த ஆய்வுகளும், நோய் மிகுந்தவர்களுக்கு மனிதத் துணையோடு கூடிய இணையவழிச் சிகிச்சையே மிகு பயன் தருவதைக் காட்டின. நோய் இலேசாக இருப்பவர்களுக்குத் துணையின்றியும் ஓரளவு பயன் உண்டு.

உரையாடற்பொறிகளில் வோபாட் என்பதனை 2017இல் 70 கல்லூரி மாணவர்களிடம் சோதித்தனர். இரண்டே வாரத்தில், வெறும் நூலைப் படித்தோரைவிடப் பொறியோடு பேசியோருக்கு மனச்சோர்வு குறைந்தது. அப்பொறி 2025 சூன் இறுதியில் மூடப்பட்டது. அதனிடம் ஆண்டுக்கணக்கில் மனம் திறந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்டதும் அண்டை வீட்டார் மறைந்தது போன்றதே இதுவும். டார்ட்மத் கல்லூரியார் உருவாக்கிய தெராபாட் என்னும் பொறியை 210 பேரிடம் சோதித்த முடிவு 2025 மார்ச்சில் வெளியாயிற்று. நான்கு வாரங்களில் மனச்சோர்வுக் குறிகள் சராசரியாக 51 விழுக்காடும், பதற்றக் குறிகள் 31 விழுக்காடும் குறைந்தன. இது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. ஆனால் அவ்வாய்விலும் பொறி எழுதியவற்றை ஆய்வாளர்கள் கண்காணித்துவந்தனர். ஆபத்து தோன்றினால் தலையிட அணியமாயிருந்தனர். ஒப்பிடப்பட்டவர்களோ, எந்தச் சிகிச்சையும் பெறாமல் காத்திருந்தவர்கள்.

மறுபக்கத்தையும் காண்க. உண்ணல் தொடர்பான நோயாளிகளுக்கென அமெரிக்க அமைப்பொன்று வைத்திருந்த டெஸ்ஸா என்னும் பொறி, உடல் மெலிவதற்கு வழி கூறியதாகக் குற்றச்சாட்டு எழுந்து 2023இல் நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம், பொறிகள் தாமே மனநலச் சிகிச்சை அளிப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

மூன்று அளவைகள்

இவ்வளவு வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்கினால், கெடாத் தமிழர்க்கு எந்தச் செவி உதவும் என்பதை அளக்க மூன்று அளவைகள் தெளிவாகின்றன.

முதலாவது மொழி. தமிழ் எழுத்து வருவது மட்டும் மொழியாகிவிடாது. ‘ஒரே யோசனையா இருக்கு’ என்று நம் தாய்மார் சொன்னால், அவர் சிந்தனையில் ஆழ்ந்திருப்பதாகப் பொருளன்று. கவலை அவரைத் தின்கிறது என்பதே பொருள். ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை கனக்குது’ என்பன உடற்குறிகள் போல் தோன்றினும் பலநேரம் உள்ளத்தின் கூக்குரலே. மேலே கூறிய மூட்ஜிம், வோபாட், தெராபாட் ஆய்வுகள் யாவும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை. அவற்றின் விழுக்காட்டை அப்படியே பாடாங் செராய்க்கும் பீடோங்குக்கும் பொருத்துதல் பொருந்தாது. மலேசியத் தமிழரின் பேச்சை அறிந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். பீடோங்கிலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மக்களிடம், நம் மொழியில், பொறிகளைச் சோதித்துப் பார்க்கும் பணி அத்தகையோர் கையில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது மறைகாப்பு. டிரெஸ்ஸரிடம் சொன்னது துரைக்குப் போயிற்று என்றோம். இன்று பொறியிடம் சொல்வது எங்கே போகிறது? பெட்டர்ஹெல்ப் என்னும் இணைய ஆலோசனை நிறுவனம், தன்னை நாடியோரின் மனநலச் செய்திகளை விளம்பர நிறுவனங்களுக்குத் தந்ததென்று அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. 78 இலட்சம் டாலர் கட்டுமாறும் செய்தது. கிராணி மாறினான், கதை மாறவில்லை. நம் நாட்டில் ஆலோசகராகப் பணியாற்றுவோர் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெறுதல் வேண்டும். தவறினால் கேட்பதற்கு வாரியம் உண்டு. பொறிக்கு அத்தகைய பதிவும் இல்லை, பொறுப்பும் இல்லை.

மூன்றாவது, அருகிருந்து துணை செய்யும் மனிதர். நள்ளிரவு இரண்டு மணிக்கு உறக்கமின்றித் தவிப்பவனுக்குப் பொறி விழித்திருக்கிறது, வெட்கப்படாமல் பேசலாம், காசும் மிகுதியாகக் கேட்பதில்லை. இவை மெய்யான நன்மைகள். முன்பு எதுவுமே இல்லாதிருந்த இடத்தில் இது ஒரு வாசற்படி. ஆனால் அவன் இன்றிரவே உயிரை விடுவேன் என்றால், பொறி எழுந்து வந்து கதவைத் தட்டாது. வேலையில்லை என்றால் வேலை தேடித் தராது. கணவன் அடிக்கிறான் என்றால் நடுவில் வந்து நிற்காது. புதுக்கோட்டையின் களப்பணியாளர் வந்து நின்றார். பீடோங்கின் தொண்டர் படையினரும் வந்து நின்றனர்.

ஆதலின் இணையவழி ஆலோசனையும் உரையாடற்பொறியும் பயனுடையனவா என்ற வினாவுக்கு விடை இதுவே. இலேசான சோர்வுக்கும் பதற்றத்துக்கும், குறுகிய காலத்தில், அவை பயன் தருகின்றன. தமக்குப் பின்னால் மனிதர் நிற்கும்போது மிகுதியாகப் பயன் தருகின்றன. மனிதரை விலக்கிவிட்டு, அவர் இடத்தில் வைக்கும்போது கைவிடுகின்றன. பொறி மருந்தாகலாம், அருகிருப்போனாக ஆகாது.

நம் சங்கங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் செய்யத்தக்க பணி யாது? பொறியைப் பழிப்பதும் வேண்டா. பொறி வந்துவிட்டது, இனி நமக்கு வேலையில்லை என்று ஓய்வதும் வேண்டா. ஊருக்கு இருவரேனும் தமிழில் பொறுமையாகக் கேட்கவும், கேட்டதை வெளியிடாதிருக்கவும், தேவையானபோது மருத்துவமனைக்கு உடன் செல்லவும் பயிற்சி பெறட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் 15555 என்ற எண்ணும் ஒருமுறை உரக்கப் படிக்கப்படட்டும். மனநல மருத்துவமனைக்குச் சென்று மீண்டவரைத் திருமண வீட்டில் முன்வரிசையில் அமர்த்தும் துணிவு நம் பெரியவர்களுக்கு வரட்டும். பொறியிடம் பேசத் துணிந்த இளைஞன் பாதி வழி வந்துவிட்டான். மீதி வழியில் அவனை எதிர்கொள்ள நம்மில் ஒருவர் நிற்கிறாரா என்பதைப் பொறுத்தே பொறியின் பயனும் அமையும்.